பெண் மீனை எடுக்கச் சொல்லியிருந்தான்

அத்தியாயம் 14

சனிக்கிழமை விடியற்காலை ஐந்தே கால் மணிக்குச் சல்மான் சாப்பாட்டுப் பையுடன் வாசற்படி இறங்கியபோது, மனைவி சுஹைனாவிடம் ஒரே ஒரு செய்தியைச் சொல்லிவிட்டுப் போனான். அச்செய்தி அவளுக்குரியதன்று. அதுதான் அவளைச் சுட்டது.

"இன்னிக்கு முட்டை வுட்டுடும் சுஹைனா. வுட்டு முடிச்சதும் பொம்பள மீனை எடுத்துத் தனியா வுடணும். ஆம்பள மீனு உள்ளயே இருக்கட்டும், அதுதான் முட்டையக் காக்கும். ஆஃபிகிட்ட சொல்லிடு."

"நானே எடுத்துடறேனே."

"வேணாம், அவ எடுக்கட்டும். அவ கை ராசியான கை. இப்ப எழுப்பாத, பாவம், ராத்திரி சரியாத் தூங்கல போலிருக்கு. எழுந்ததும் சொல்லு."

நாலு மணிக்கு எழுந்து, மாவு பிசைந்து, எட்டுச் சப்பாத்தி சுட்டுக் கட்டிக் கொடுத்தவளைப் பார்த்துத்தான் அவன் இவ்வாறு கூறினான். அவள் தூங்கினாளா என்று அவன் கேட்கவில்லை. கம்பெனிப் பேருந்து தெருமுனையில் ஒலியெழுப்பவே ஓடிவிட்டான். முதல் ஷிஃப்டுக்குச் சென்றால் கைப்பேசி லாக்கருக்குள் போய்விடும். பிற்பகல் இரண்டு மணி வரை அவனிடம் எவரும் எதுவும் கேட்க இயலாது.

வீட்டார் ஆஃபி என்று அழைக்கும் சல்மானின் தங்கை ஆஃப்ஷீன், கல்லாவியிலுள்ள புகுந்த வீட்டிலிருந்து ஒற்றைப் பையோடு ஓசூருக்கு வந்து மூன்று மாதங்கள் ஆகிவிட்டதை வாசகர்கள் அறிவார்கள். கணவன் தப்ரேஸோடு மனத்தாங்கல் என்பதற்குமேல் ஒரு சொல்லும் அவள் வாயிலிருந்து வரவில்லை. தாய் ரோஷன் பீ கேட்டுக் கேட்டு ஓய்ந்துபோனாள். தந்தை முனீர் அகமது, சிப்காட் பகுதியில் பேரிங்கும் பெல்ட்டும் விற்கும் கடை நடத்துபவர். எந்தச் சரக்கையும் கண்ணால் கண்ட பின்னரே நம்புபவர். "கலர் மீன் குஞ்சு வளத்துக் கடைங்களுக்குக் குடுத்துப் பொழச்சுக்கறேன் அத்தா, என்னை அனுப்பாதீங்க" என்று மகள் கெஞ்சியபோது, அவர் கடையில் பேசுவது போலவே பேசினார்.

"மொதல்ல ஒரு ஈடு குஞ்சைக் கண்ணுல காட்டு. அப்புறம் மாடி ரூமை எடுத்துக்க. இல்லேன்னா மாப்பிள்ளை வந்து கூட்டிட்டுப் போவட்டும்."

ஆக, முட்டை பொரித்தால் ஆஃப்ஷீனுக்கு மாடி அறை, பொரியாவிட்டால் கல்லாவி. வீட்டில் அனைவருக்கும் இது தெரியும்.

அந்த மாடி அறை நான்கு ஆண்டுகளுக்கு முன்னரே, நிக்காஹ் முடிந்த வாரத்திலேயே, சுஹைனாவுக்கென்று சொல்லப்பட்டது என்பது மட்டும் அவர்களுக்கு மறந்துபோயிற்று. அன்று முதல் இன்று வரை அவளும் சல்மானும் சமையலறையை ஒட்டிய சிற்றறையில்தான் படுத்து எழுகிறார்கள். குக்கர் கூவினால் விழிப்பு வரும். சன்னல் கிடையாது. மாடி அறைக்கோ இரண்டு சன்னல்கள். இரண்டிற்கும் என்ன நிறத்தில் திரை தைக்க வேண்டும் என்பதுவரை அவள் எண்ணி வைத்திருந்தாள்.

அறை போனால் போகட்டும் என்றாலும், மீன் அவளுடையது.

கடைக்காரர்கள் டுவார்ஃப் கௌராமி என்று கூறும் அச்சிறு மீன் வகையில், ஆணுக்குத்தான் அழகு. செம்மஞ்சள் உடலில் நீலக் கோடுகள் சாய்வாக ஓடும். பெண் மீன் வெறும் வெள்ளிச் சாயல். பார்ப்பவர் கண்ணில் நில்லாது. எனவே கடைகளுக்கு வருபவை பெரும்பாலும் ஆண்களே. ஜோடி என்று நம்பிச் சல்மான் இரண்டு முறை வாங்கி வந்தவையும் ஆண்களாகவே முடிந்து, ஒன்றையொன்று துரத்திக் கடித்து, ஒன்று தவிர மற்றவை மாண்டன. சென்ற தை மாதத்தில் பாஸ்கரன் கடைக்கு மீன் தீனி வாங்கச் சென்ற சுஹைனாதான், தொட்டியின் மூலையில் ஒதுங்கி நின்ற நிறமற்ற ஒன்றைக் கண்டு கை நீட்டினாள்.

"அதையா கேக்கறீங்க? அதுல கலரே இல்லீங்களே" என்றான் பாஸ்கரன்.

"கலர் இல்லாததுதாங்க எனக்கு வேணும்."

அவன் அவளை ஏற இறங்கப் பார்த்து, ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு, முட்டை முதல் குஞ்சு வரை அரை மணி நேரம் விளக்கினான். வீட்டிற்கு வந்து அவள் சொன்னபோது சல்மான் பாதி கேட்டுக்கொண்டே கைப்பேசியைத் தடவிக்கொண்டிருந்தான். அதே மீன், ஆஃப்ஷீன் வந்த பிறகு வயிறு திரண்டது. அன்று முதல் அது "ஆஃபி ராசியில வந்த மீனு" ஆயிற்று.

காலை எட்டரை மணிக்கு ஆஃப்ஷீன் எழுந்து வந்து கூடத்துத் தொட்டியின் முன் அமர்ந்தாள். இரண்டடி நீளக் கண்ணாடித் தொட்டி. முட்டைக்காகத் தண்ணீரை ஏழு அங்குலத்திற்குக் குறைத்திருந்தார்கள். ஓசூர்க் குளிர்க்காற்று நீரின் மேற்பரப்பில் படாதபடி மேலே கண்ணாடி மூடியிருந்தது. ஒரு மூலையில், ஆண் மீன் மூன்று நாட்களாக வாயால் ஊதி ஊதிக் கட்டிய நுரைக்கூடு, மிதக்கும் பாசித் துணுக்குகள் செருகப்பட்டு, உள்ளங்கை அகலத்திற்கு வளர்ந்திருந்தது.

சுஹைனா தேநீரைக் கொண்டுவந்து வைத்தாள்.

"அண்ணன் போறப்ப ஏதாச்சும் சொன்னாரா அண்ணி?"

சொல்வதற்கு இதைவிட நல்ல நேரம் வாய்க்காது. வாக்கியம் முழுவதும் சுஹைனாவின் நாவில் இருந்தது.

"இன்னிக்கு முட்டை வுட்டுடும்னாரு" என்றாள்.

அவ்வளவுதான். பாதியைச் சொன்னாள், மீதியை விழுங்கினாள். பொய் சொல்லவில்லை என்று தனக்குத்தானே கூறிக்கொண்டு சமையலறைக்குத் திரும்பினாள்.

பத்து மணியளவில் தொடங்கியது. ஆண் மீன் வில்லாக வளைந்து பெண்ணைத் தழுவிக்கொள்ளும். ஒரு நொடி இரண்டும் அசைவற்று நிற்கும். பின்னர் ரவையினும் சிறிய கண்ணாடிப் பொட்டுகள் போன்ற முட்டைகள் மேலெழும். சிதறியவற்றை ஆண் வாயால் பொறுக்கிக் கூட்டுக்குள் துப்பிவிட்டு மீண்டும் வரும். ரோஷன் பீ மூக்குக் கண்ணாடியை அணிந்துகொண்டு மகளின் அருகில் அமர்ந்துவிட்டாள்.

"பாத்தியா சுஹைனா? நீயுந்தான் நாலு வருசமாக் கொடங்கொடமாத் தண்ணி மாத்தின. எம்பொண்ணு வந்து மூணே மாசம்."

"ஆமாங்க மாமி."

"ஏம்மா நீ வேற" என்று ஆஃப்ஷீன் தாயின் முழங்கையை இடித்தாள். "அண்ணி தேடிப் புடிச்ச மீனும்மா இது."

அந்த ஆதரவும் சுஹைனாவுக்கு இனிக்கவில்லை. தன் உடைமையைத் தனக்கே தானமாகக் கொடுப்பது போலிருந்தது. வெங்காயத்தை வேண்டியதற்கு மேல் பொடியாக நறுக்கினாள்.

பன்னிரண்டு மணிக்குச் சற்று முன்னர்த் தழுவல் நின்றது. பெண்ணின் வயிறு வற்றியிருந்தது. அதன் பிறகு ஆண் மீனின் குணமே மாறிற்று. முட்டைகளைக் காக்கத் தொடங்கிவிட்டால் தன் இணையையும் அது பகையாகவே கருதும். பெண் மீனை முட்டிற்று, வாலைக் கடித்தது, ஹீட்டரின் பின்னே ஒளிந்ததைத் தேடிச் சென்று துரத்திற்று.

"ஐயையோ, ஏன் இப்டி அடிக்குது?" என்று ஆஃப்ஷீன் எழுந்தாள். ரோஷன் பீ அப்போது கொல்லையில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள்.

சுஹைனா சமையலறை வாயிலில் நின்றாள். கையில் அரிசி களைந்த பாத்திரம். ஆஃப்ஷீன் இடக்கையால் வலையை எடுத்தாள். வந்த நாள் முதல் எதையும் அவள் இடக்கையால்தான் எடுக்கிறாள். மூன்று மாதங்களுக்கு முன் குளியலறையில் வழுக்கி வலது மணிக்கட்டை ஒடித்துக்கொண்டதாகவும், அது சரியாகக் கூடவில்லை என்றும் கூறியிருந்தாள். ஒரு கையாலேயே கண்ணாடி மூடியை நகர்த்தி, வலையை நீரில் இறக்கினாள்.

பெண்ணை எடு. இரண்டே சொற்கள்.

வலை ஆண் மீனைச் சூழ்ந்தது. ஆஃப்ஷீன் அதைத் தூக்கி, பக்கத்து வாளியில் போட்டாள். "அங்கயே கெட" என்றாள்.

சுஹைனா அரிசியைக் கொண்டுபோய் அடுப்பில் ஏற்றினாள்.

லுஹர் என்னும் நண்பகல் தொழுகைக்காக ஆஃப்ஷீன் உள்ளே சென்றபோது, சுஹைனா தொட்டியருகே வந்து பார்த்தாள். காவலற்ற நுரை ஓரத்தில் பிரிந்துகொண்டிருந்தது. உதிர்ந்த முட்டைகள் நீரின்மேல் அங்குமிங்கும் மிதந்தன. ஹீட்டரின் பின்னிருந்து பெண் மீன் வெளிப்பட்டு, மேலே வந்து, ஒன்றை வாயில் வாங்கிக்கொண்டது. பின்னர் இன்னொன்று. அவசரமே இல்லை. தான் ஈன்றதை, மதிய உணவு போல, அது தின்றது.

இளம்பச்சைத் திரை என்று சுஹைனா எண்ணினாள். கிழக்குச் சன்னலுக்கு இளம்பச்சை. அவ்வெண்ணம் வந்த வேகமும் அதிலிருந்த குளிர்ச்சியும் அவளையே திடுக்கிடச் செய்தன. ஆயினும் அவள் அங்கிருந்து நகரவில்லை.

"என்ன அது, தாயே திங்குது?" என்று பின்னால் ரோஷன் பீயின் குரல் கேட்டது. அவள் குனிந்து பார்த்தாள், நிமிர்ந்தாள், பெருமூச்சோடு கைப்பேசியை எடுத்துக் கணவரை அழைத்தாள். "என்னங்க, முட்டையும் இல்ல, குஞ்சும் இல்ல. எல்லாம் போச்சு. நீங்க சொன்னதுதான் சரி. மாப்பிள்ளைய வரச் சொல்லிடுங்க." பேசி முடித்துக் கைப்பேசியைச் சாப்பாட்டு மேசைமேல் வைத்துவிட்டு, மிச்சத் துணிகளை அலசிப் போட்டு, தொழுகைக்குக் கைகால் கழுவி ஒளுச் செய்யக் கொல்லைக்குச் சென்றாள்.

தொழுகை முடித்து வந்த ஆஃப்ஷீன், தாய் பேசியதைக் கேட்டிருந்தாள் என்பது அவள் முகத்திலேயே தெரிந்தது. தொட்டியை ஒருமுறை பார்த்துவிட்டுத் தரையில் அமர்ந்தாள். அழவில்லை.

சுஹைனா கேட்டாள். பரிவினால் கேட்டதன்று, பழியை உரியவள் தலையிலேயே இறக்கி வைத்துவிட வேண்டும் என்னும் அவசரத்தினால் கேட்டாள்.

"ஆம்பள மீனை எதுக்கு எடுத்த?"

"அடிச்சுது அண்ணி."

"மீனுன்னா அப்டித்தான் இருக்கும். அதுக்கு?"

"ஓடறா, ஓடறா, எங்க போவா? நாலு பக்கமும் கண்ணாடி." ஆஃப்ஷீன் தன் வலது மணிக்கட்டை இடக்கையால் பிடித்துக்கொண்டாள். "வெளிய நிக்கறவங்களுக்கு எல்லாம் நல்லாத் தெரியுது. ஆனா யாரும் கைய வுட்டு எடுக்கல. நான் பாத்துக்கிட்டு இருக்கறேன், நானும் எடுக்கலேன்னா எப்டி?"

சுஹைனாவின் பார்வை அந்த மணிக்கட்டின்மேல் சென்றது.

"பாத்ரூம்ல வழுக்கல அண்ணி. அவரு என் கையக் கதவுல வெச்சு அழுத்தினாரு. சாமல்பட்டி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன்னு சொல்லிட்டு, எட்டு நாளு வீட்டுலயே வெச்சிருந்தாரு. அதான் கை கோணலாக் கூடிப்போச்சு. அத்தாவுக்குத் தெரிஞ்சா நெஞ்சு தாங்காது. அண்ணனுக்குத் தெரிஞ்சா வெட்டப் போவாரு. யார்கிட்ட சொல்ல?"

ராசியான கை என்று சல்மான் புகழ்ந்த அந்த இடக்கை, வேறு கை இல்லாததால் வேலை செய்யும் கை. மூன்று மாதங்களாகச் சுஹைனா பொறாமைப்பட்டது அந்தக் கையின்மீதுதான்.

அவள் எழுந்தாள். வலையை எடுத்து, முதலில் பெண் மீனைப் பிடித்து வேறு வாளியில் விட்டாள். பின்னர்த் தேக்கரண்டியும் வெள்ளைப் பீங்கான் தட்டும் கொண்டுவந்து, மிதக்கும் முட்டைகளை ஒவ்வொன்றாகத் தொட்டித் தண்ணீரோடு சேர்த்தே அள்ளினாள். இடம் மாற்றப்பட்டு மிரண்ட ஆண் திரும்பவும் கூட்டைக் காக்கலாம், அல்லது தானே தின்றும் விடலாம் என்று பாஸ்கரன் எச்சரித்திருந்தான். ஆகவே பாதியைத் தட்டில் பிரித்தாள். மீதியை நுரையின் கீழேயே விட்டு, ஆண் மீனை அதன் இடத்திற்குத் திருப்பினாள். அது மூலையில் நின்று மூச்சு வாங்கிற்று. கூட்டின் பக்கம் போகவில்லை.

"முட்டையில பூஞ்சை புடிக்காம இருக்க நீலமருந்து அலமாரியில மேல் தட்டுல இருக்கு. ஒரே சொட்டு. அப்புறம் அந்தக் காத்துக்குழாய இங்க போடு, லேசா வை."

ஆஃப்ஷீன் சொன்னதைச் செய்தாள். இருவரும் தட்டின்மேல் குனிந்து எண்ணினார்கள். ஐம்பதுக்கு மேல் இருக்கலாம். முன்னூறு இருந்திருக்க வேண்டிய இடத்தில்.

"ஆஃப்ஷீன், உங்கண்ணன் காலையிலயே சொல்லிட்டுத்தான் போனாரு. பொம்பள மீனைத்தான் எடுக்கணும்னு, உங்கிட்டச் சொல்லச் சொல்லி. நான் சொல்லல."

ஆஃப்ஷீன் தட்டிலிருந்து பார்வையை எடுக்கவில்லை.

"நீங்க கதவுகிட்ட நின்னீங்க. கண்ணாடியில தெரிஞ்சுது. தப்பா எடுத்தா அண்ணி சொல்லுவாங்கன்னு நெனச்சுத்தான் நான் மெதுவா எடுத்தேன்."

அவள் குரலில் குற்றச்சாட்டு இல்லை. இருந்திருந்தால் சுஹைனாவுக்குத் தாங்க எளிதாக இருந்திருக்கும்.

"மாடி ரூமு உங்களுக்குன்னு சொன்னதுதானே? எனக்குத் தெரியும். எனக்குப் போறதுக்கு வேற எடமில்ல அண்ணி. இருந்தா கேட்டிருக்க மாட்டேன்."

அந்நேரத்திலும் சுஹைனாவின் நெஞ்சில் ஓரிடம் வலித்தது என்பதை மறைப்பதற்கில்லை. இந்த ஐம்பது முட்டைகள் பிழைத்தால் சன்னலில்லாத சிற்றறையே தனக்கு நிலை. அதை அறிந்தே அவள் தட்டின்மேல் காற்றுப் படாதவாறு ஒரு கண்ணாடித் துண்டை வைத்து மூடினாள்.

சாப்பாட்டு மேசைமேல் ரோஷன் பீயின் கைப்பேசி ஒலித்தது. அவள் இன்னும் கொல்லையிலிருந்து வரவில்லை. சுஹைனா எடுத்தாள்.

"ரோஷன்? நல்ல நேரம் பாரு" என்றார் முனீர் அகமது. பின்னணியில் லாரிகளின் இரைச்சல். "மாப்பிள்ளை ஓசூருக்குத் தக்காளி லோடு கொண்டாந்திருக்காரு. ஃபோன் போட்டதும் நேரா கடைக்கே வந்துட்டாரு. சாப்பாட்டுக்குக் கூட்டிட்டு வரேன். ஆஃபிய பைய எடுத்து வெக்கச் சொல்லு, சாயந்தரமே கெளம்பிடுவாங்க."

"மாமா, நான் சுஹைனா பேசறேன்."

"நீயா? சரி, இன்னும் ரெண்டு பேருக்குச் சோறு வெச்சுடும்மா."

"அவரக் கூட்டிட்டு வராதீங்க மாமா."

இந்த நான்கு ஆண்டுகளில் அவள் மாமனாரிடம் 'சரிங்க மாமா' என்பதற்கு மாறாக ஒன்றும் சொன்னதில்லை. மறுமுனையில் அவர் கைப்பேசியை மறு காதுக்கு மாற்றி வைத்துக் கேட்டிருக்க வேண்டும்.

"ஏம்மா? முட்டையெல்லாம் போச்சுன்னு உங்க மாமி சொன்னாளே."

"போவல. கொஞ்சம் இருக்குது. அது போனாலும் சரி, கூட்டிட்டு வராதீங்க."

"என்ன பேசற நீ? எதுக்குன்னு சொல்லு."

கூடத்தில் ஆஃப்ஷீன் எழுந்து நின்றுவிட்டாள். வேண்டாம் என்று தலையசைத்தாள். சுஹைனா அவளையே பார்த்தவாறு, எப்படித் தொடங்குவது என்று சொல் தேடிக்கொண்டிருந்தபோது, மறுமுனையில் ஒரு சிரிப்பொலி நெருங்கிற்று. "யாரு மாமா, தங்கச்சியா? குடுங்க, நான் பேசறேன்." கைப்பேசி கைமாறியது.

"அஸ்ஸலாமு அலைக்கும், தங்கச்சி. நல்லா இருக்கீங்களா?"

தப்ரேஸின் குரல் மிகவும் இனிமையானது. பெண் பார்க்க வந்த நாளில் வீடே மயங்கிய குரல். ஸலாமுக்குப் பதில் ஸலாம் சொல்லாமலிருப்பது அந்த வீட்டில் எவரும், பகையாளியிடத்தும், செய்யாத ஒன்று.

சுஹைனா பதில் சொல்லவில்லை.

"கேக்குதாம்மா?" என்றான் அவன். சற்றுப் பொறுத்து, குரலின் இனிமை சிறிதும் குறையாமல், "சரி, பத்து நிமிசத்துல நேர்லயே வந்து பேசிக்கறேன்" என்று கூறித் தொடர்பைத் துண்டித்தான்.

சுஹைனா கைப்பேசியை மேசைமேல் வைத்தாள். நட்டநடுப் பகலில் வாசற்கதவைச் சாத்தி, மேல் தாழ்ப்பாளையும் கீழ்த் தாழ்ப்பாளையும் போட்டாள். பின்னர்க் கதவின்மேல் முதுகைச் சாய்த்து நின்று, கொல்லைப் பக்கம் நோக்கிக் குரல் கொடுத்தாள்.

"மாமி, தொழுவறதுக்கு முன்னால இங்க வாங்க. ஆஃப்ஷீன் கையப் பத்தி உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."